நிஸ்தாரின் வலது கை

காத்தான்குடிச் சந்தையில் இறைச்சிக் கடை வைத்திருந்த நிஸ்தாரிடம் மாட்டுக் காலில் மூட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. கத்தியைக் கையில் கொடுத்தால்தான் தெரியும். பதினாறு வயதில் மடுவத்துக்குள், அதுதான் வாவிக்கரையில் மாடு அறுக்கிற கொட்டகைக்குள், போனவன். நாற்பத்து நான்கு வயதிலும் வெளியே வரவில்லை. தொடையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, வந்தவரோடு கிரிக்கெட் கதைத்துக்கொண்டு நிற்பான். கதை நடுவில் இருக்கும்போதே மெல்லிய கத்தி இரண்டு எலும்புக்கும் நடுவில் புகுந்து, ஒரு வளைவு வளைந்து, மறுபக்கத்தால் வந்துவிடும். எலும்பில் உரசுகிற சத்தமே கேட்காது.

விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒரு வாத்தியார் ஒருநாள் தாளும் பேனாவும் கொடுத்து அந்த மூட்டைக் கீறிக் காட்டச் சொன்னார். நிஸ்தார் கீறியது கிழங்கு மாதிரி இருந்தது. பேனாவை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்து வெறும் காற்றில் வெட்டிக் காட்டினான். வாத்தியாருக்கு விளங்கிவிட்டது. “ஒங்கட மூளை தலையில இல்ல, மணிக்கட்டுல இரிக்கி” என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நிஸ்தாருக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

அவனுக்கு ஒரே தங்கச்சி, றஸீனா. கல்யாணத்தின்போது வாப்பா அவளுக்கு வீடு கட்டிக் கொடுத்தார். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். அப்படி வந்தவன் ஹில்மி. கட்டாரில் ஆறு வருசம் சாரதியாக இருந்துவிட்டு வந்து, ஓட்டோ ஒன்று வைத்திருந்தான். வெளியில் பார்த்தால் மரியாதையான ஆள்.

பெற்றோலுக்கு நாட்டில் எல்லாரும் வரிசையில் நின்ற வருசம் அது. ஹில்மியும் இரண்டு நாள், மூன்று நாள் என்று ஓட்டோவுக்குள்ளேயே கிடந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவான். அந்த நாட்களில் ஒரு மத்தியானம் நிஸ்தார் தங்கச்சி வீட்டுக்குப் போனான். கதிரையில் இருந்துகொண்டு அவள் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தான். மீன் கிடைக்காததைப் பற்றி அவள் கதைத்துக்கொண்டிருந்தாள். புழுக்கமாக இருந்ததால், அவளுக்குப் பின்னால் சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சைப் போட நிஸ்தார் கையைத் தூக்கினான்.

றஸீனா குனிந்தாள். முழங்கை முகத்துக்கு முன்னால் வந்தது. தோள் சுருங்கியது. ஒரே பாய்ச்சலில் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையிலான மூலைக்குள் போய்விட்டாள். வாய் மட்டும் நிற்கவில்லை. வாவியில் இப்போது இறால்கூட இல்லையாம் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. தான் எழும்பியதும் ஒளிந்ததும் அவளுக்கே தெரியவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் தான் மூலையில் நிற்பதைக் கண்டு, அலுமாரியில் ஏதோ தேடுவது போல் கதவைத் திறந்தாள்.

ஹில்மி அடிக்கிறானா என்று நிஸ்தார் கேட்டான். இல்லை காக்கா என்று தமையனிடம் சொன்னாள். அவன் இரண்டாம் முறை கேட்கவில்லை. அவள் வாய் சொன்னதை உடம்பு ஏற்கெனவே மறுத்துவிட்டிருந்தது.

மூன்று கிழமை கழித்து ஹில்மி ஓட்டோவின் ஜாக்கிக் கம்பியால் அவள் முகத்தில் அடித்தான். சோறு ஆறியிருந்ததாம். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. பக்கத்து வீட்டார் சத்தம் கேட்டுப் போனபோது அவள் அடுப்படியில், குசினித் தரையில் இருந்துகொண்டு, விழுந்த பற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் வாயைக் கம்பியால் கட்டினார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற நிஸ்தாரின் கை தானாக அவள் தாடையைத் தடவப் போனது. விரல் நுனியில் உடைந்த எலும்பின் விளிம்பு தட்டுப்பட்டது. தாடை எலும்பு என்றால் என்ன, அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதெல்லாம் அந்த விரல்களுக்குத் தெரிந்த விசயம். அவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

அன்று பின்நேரமே றஸீனாவின் வீட்டுக்குப் போனான். ஹில்மியைச் சட்டையில் பிடித்து வாசலால் இழுத்து வந்து, வீதியில், பள்ளிக்குத் தொழப் போகிற ஆட்கள் பார்க்கத் தள்ளினான். உடுப்புகளையும் அவன் மேலேயே வீசினான். பூட்டை மாற்றினான். பொலிசில் முறைப்பாடும் கொடுத்தான். ஹில்மி மூன்று நாள் உள்ளே இருந்துவிட்டுப் பிணையில் வந்தான். ஊரில் தலை காட்ட முடியாமல் ஏறாவூரில் தன் தாயுடன் இருந்தான். வீதியில் தள்ளப்பட்டதை அவன் மறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நிஸ்தாரோடு வேலை செய்கிற மீராசாஹிப் எலும்பு கொத்திக்கொண்டிருந்தார். நிஸ்தார் கொக்கியில் தொங்கிய முன்னங்காலைப் பார்த்தபடி, சனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஹில்மி ஓட்டோவை நிறுத்தி இறங்கினான். கையில் துவாயால் சுற்றிய நீளமான ஒன்று. மீன் ஏதோ கொண்டுவருகிறான் என்று நினைத்ததாகப் பிறகு ஒருவர் சொன்னார். துவாய்க்குள் இருந்தது காட்டுக்கத்தி.

முதல் வெட்டு நிஸ்தாரின் இடது தோளுக்குப் பின்னால் விழுந்தது. வலி தெரியவில்லை, யாரோ குளிர்தண்ணீரை முதுகில் ஊற்றினாற்போல் இருந்தது. இரண்டாவது வெட்டு காதின் மேல்பாதியைச் சீவிக்கொண்டு போய்க் கொக்கிக் கம்பியில் பட்டது. நிஸ்தார் திரும்பினான். மூன்றாவது வெட்டு மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததை நிஸ்தார் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறான். யோசிக்க யோசிக்க அது நழுவிப் போனது. மற்றவர்கள் சொன்னது இதுதான்: அவனுடைய இடது கை, வெட்டுப்பட்ட தோளோடு சேர்ந்த அதே கை, ஹில்மியின் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து இறைச்சி வெட்டுகிற மரக்குற்றியில் வைத்து அழுத்தியது. வலது கையிலிருந்த மெல்லிய கத்தி உள்ளே போய், வளைந்து, மறுபக்கத்தால் வந்தது. எல்லாம் ஒரு மூச்சுக்குள். காட்டுக்கத்தி கீழே விழுந்தது. ஹில்மியின் கை ஒரு விரல் அகலத் தோலில் தொங்கியது.

சத்தம் போட்டது ஹில்மி அல்ல, பார்த்துக்கொண்டு நின்றவர்கள். ஹில்மி வாயைத் திறந்தபடி தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரத்தம் பீறி நிஸ்தாரின் முகத்தில் அடித்தது. அந்த நேரம் நிஸ்தாரின் வலது கை இன்னொன்றும் செய்தது. இடுப்பில் சொருகியிருந்த துணியில் கத்தியை இரண்டு பக்கமும் துடைத்து, குற்றியின் ஓரத்தில் வைத்தது. ஒவ்வொரு மூட்டுக்கும் பிறகு அது அப்படித்தான் செய்யும்.

தோளுக்கு நாற்பத்தொரு தையல் போட்டார்கள். பிறகு அவனை விளக்கமறியல் சிறையில் வைத்தார்கள். ஹில்மியின் கையை ஒட்ட முடியாமல் வைத்தியர்கள் எடுத்துவிட்டார்கள் என்று அங்கேதான் கேள்விப்பட்டான். மறியலில் அவனுக்குக் ‘கைவெட்டி’ என்று பெயர் வைத்தார்கள். சாப்பாட்டு வரிசையில் ஒருவன் பகிடிக்காகப் பின்னால் வந்து கையை ஓங்கினான். நிஸ்தார் நிமிர்ந்து பார்க்கும்போது அந்த ஆள் கோப்பையோடு தரையில் கிடந்தான். அவன் கை முறுகி நிஸ்தாரின் முழங்காலுக்குக் கீழே இருந்தது. தோளின் குழிக்குள் நிஸ்தாரின் பெருவிரல் மூட்டைத் தேடிக்கொண்டிருந்தது. அதைக் கண்டபோதுதான் அவனுக்குப் பயம் வந்தது. அதன்பிறகு வரிசையில் நிற்கும்போது வலது கையை இடுப்புக்குப் பின்னால், கட்டியிருந்த சாரத்துக்குள் செருகி வைத்துக்கொள்வான்.

பிணை கிடைத்து வந்ததும் வழக்கை எடுத்தவர் தக்ஷாயினி. நாவற்குடாவைச் சேர்ந்த சட்டத்தரணி. முப்பது வயது இருக்கும். சட்டம் படிக்குமுன் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்தவர். அது என்ன படிப்பு என்று நிஸ்தார் கேட்டான். மெய் என்றால் உண்மையும்தான், உடம்பும்தான். நாங்கள் உண்மையை மட்டும்தான் படித்தோம், உடம்பை விட்டுவிட்டோம் என்று சொல்லிச் சிரித்தார்.

வழக்கின் இடறல் எங்கே இருக்கிறது என்று அவர் விளக்கினார். ஹில்மி வெட்ட வந்ததற்குச் சாட்சி உண்டு. உயிரைக் காப்பாற்றத் தடுப்பது குற்றமில்லை. ஆனால் மணிக்கட்டைப் பிடித்துக் குற்றியில் அழுத்திய பிறகு ஆபத்து முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு வெட்டியது பழிவாங்கல் என்று மற்றப் பக்கம் சொல்லும். அதற்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. பிடித்தது, வைத்தது, வெட்டியது என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவது மற்றவர்கள்தான். நிஸ்தாருக்கு அது ஒன்று. இருபத்தெட்டு வருசமாகச் செய்த ஒரே அசைவு. தலை நினைத்து, கைக்கு உத்தரவு கொடுத்து, கை செய்வதாகச் சட்டம் நினைக்கிறது. அப்படியில்லாமல் செய்கிற வேலைகள்தான் மனிதனுக்கு அதிகம்.

“நினைச்சுத்தானா வெட்டினீங்க எண்டு கேப்பாங்க, நானா. இல்ல, கை தானாப் போச்சு எண்டு மட்டும் சொல்லுங்க. அது பொய்யும் இல்ல” என்றார். அண்ணன் முறைக்கு அவனை நானா என்றுதான் கூப்பிடுவார்.

நிஸ்தார் சம்மதித்தான். அந்த நேரம் அது பொய்யாகத் தெரியவில்லை.

கடைக்குத் திரும்பினான். முதல் நாளே கத்தி மூட்டுக்குக் கிட்டப் போய் நின்றது. அவன் குனிந்து பார்த்தான். வாழ்க்கையில் முதன்முறையாக அந்த மூட்டைக் கண்ணால் தேடினான். இங்கே இருக்கும் என்று நினைத்துக் கத்தியை வைத்தான். எலும்பில் கரகரவென்று உரசியது. மீராசாஹிப் திரும்பிப் பார்த்தார். மறுபடி வைத்தான், கத்தி வழுக்கி அவன் பெருவிரலை எலும்பு தெரியக் கிழித்தது. ஒரு கிழமைக்குள் நான்கு தரம் இப்படி. இறைச்சி வாங்க வந்தவர்கள் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிலர் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

அதைவிட மோசமானது வீட்டில் நடந்தது. வாய்க் கம்பியை எடுத்த பிறகு றஸீனா அவனையும் மனைவி பரீனாவையும் பார்க்க வந்தாள். பேச்சு இன்னும் பல்லுக்கிடையில்தான் வந்தது. பரீனா மேல்தட்டிலிருந்த சீனிப் போத்தலை எடுத்துத் தரச் சொன்னாள். நிஸ்தார் கையை உயர்த்தினான். றஸீனாவின் முழங்கை முகத்துக்கு வந்துவிட்டது. இந்தமுறை அவள் அதை உணர்ந்தாள். கையை இறக்கிவிட்டு அழுதாள். “ஒங்களுக்கு இல்ல காக்கா, சத்தியமா ஒங்களுக்கு இல்ல” என்றாள். அவள் மனசறிந்து பொய் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அவளுடைய உடம்பு ஹில்மியையும் அவனையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. போத்தலைப் பரீனாவிடம் கொடுத்துவிட்டு வெளியில் போய் நெடுநேரம் கிணற்றடியில் கைகழுவினான்.

விசாரணை ஒன்றரை வருசம் இழுத்தது. மட்டக்களப்பு நீதிமன்ற விறாந்தையில் ஒரு தவணை நாளில் ஹில்மியை மிகக் கிட்டத்தில் பார்த்தான். ஹில்மி தன் தாயோடு ஆத்திரமாகக் கதைத்துக்கொண்டிருந்தான். அவன் கதைக்கக் கதைக்க, சட்டைக் கைக்குள் அந்த மொட்டைக் கை எழும்பியது, தாழ்ந்தது, இல்லாத விரலைச் சுட்டியது. தாய் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபோது அந்தக் கைதான் முன்னுக்குப் போனது. கோப்பை விழுந்து உடைந்தது. ஹில்மி நிமிர்ந்தபோது நிஸ்தாரைக் கண்டுவிட்டான்.

“இன்னொரு கை இரிக்கிடா எனக்கி” என்றான்.

சாரத்துக்குள் நிஸ்தாருடைய விரல்கள் மடங்கின. அதை அவன் தெளிவாக உணர்ந்தான். கோபம் நெஞ்சில் வந்து பிறகு கைக்கு இறங்கவில்லை, கையில்தான் வந்தது. விரல் மடங்கியபிறகுதான் தான் கோபமாக இருப்பது அவனுக்கே தெரிந்தது. அப்படியென்றால் கடையில், அந்த ஞாயிற்றுக்கிழமை? ஆஸ்பத்திரியில் றஸீனாவின் தாடையைத் தொட்ட விரல்கள் அல்லவா அவை. அன்றைக்கே அவற்றுக்குள் ஏதோ ஏறியிருக்க வேண்டும். மறுமையில் வாய் பூட்டப்படும், கைகள்தான் பேசும் என்று சின்ன வயதில் குர்ஆன் ஓதப்போன இடத்தில் சொல்லித்தந்தது நினைவுக்கு வந்தது. கை பேசும் என்றால், கை அறிந்திருக்கவேண்டுமே. அறியாத சாட்சியை யார் கூப்பிடுவார்?

நிஸ்தார் சாட்சிக் கூண்டில் ஏறிய நாள் நீதிமன்றம் நிறைந்திருந்தது. காயத்தைச் சோதித்த வைத்தியர் முன்தவணையிலேயே சொல்லிவிட்டார்: கத்தி மூட்டுக்குள்ளால் போயிருக்கிறது, இரண்டு பக்க எலும்பிலும் ஒரு கீறல் இல்லை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதையே பிடித்துக்கொண்டார். உயிருக்குப் பயந்து கத்தி வீசுகிறவன் கண்ட இடத்தில் வெட்டுவான், இவ்வளவு சுத்தமாக வெட்ட யோசனை வேண்டும் என்றார். வெட்டியபிறகு கத்தியைத் துடைத்து வைத்திருக்கிறாரே, அது பதறிப்போன மனிதனின் செயலா என்றார். மணிக்கட்டு மூட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். நிஸ்தார் வாயைத் திறந்தான், சொல் வரவில்லை. வலது கை கூண்டின் விளிம்புக்கு மேலே வந்து, இல்லாத கத்தியைப் பிடித்து, ஒரு வளைவு வளைந்தது. பார்த்திருந்த சனத்துக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள். ஹில்மி எழும்பி நின்றுவிட்டான்.

“நினைச்சுத்தான் வெட்டினீங்களா?” என்று கேட்டார் சட்டத்தரணி.

நிஸ்தார் தக்ஷாயினியைப் பார்த்தான். அவர் இலேசாகத் தலையசைத்தார்.

“இல்ல ஐயா. கை தானாப் போச்சி” என்றான். அவன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி பேசினான்.

“நான் சொன்னது பாதிதான் ஐயா. இருபத்தெட்டு வருசம் இந்தக் கை மாட்ட வெட்டக்குள்ள, நிஸ்தார் கெட்டிக்காரன் எண்டு ஊர் சொன்ன. நானும் ஓம் எண்டு கேட்டுக்கிட்டு நிண்டன். அப்ப அது என்ட கை. அண்டைக்கி மட்டும் அது வேற ஆளா? தலையால நான் ஒண்டும் நினைக்கல்ல. ஆனா தங்கச்சிட தாடைய நான் தொட்ட நாளையில இருந்து இந்தக் கைக்குள்ள ஹில்மிக்கெண்டு ஒண்டு இருந்திச்சி. கை செஞ்சா நான்தான் செஞ்ச.”

தக்ஷாயினி எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார்.

நீதவான்தான் கேட்டார். நீங்கள் அவருடைய கையைக் குற்றியில் அழுத்தியபோது, அவர் அடங்கிவிட்டாரா என்று.

நிஸ்தார் யோசித்தான். யோசித்தது இடது கையால். அந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னான். “இல்ல ஐயா. அறுக்கிற மாடு அடங்கினா உள்ளங்கைக்குத் தெரியும். அவன் அடங்கல்ல. கத்திய விடாம மேல தள்ளிக்கிட்டு இருந்தான். விட்டிருந்தா என்ட கழுத்துலதான் வந்திரிக்கும்.”

அதை எவரும் அதுவரை கேட்கவில்லை. நிஸ்தாரும் அதுவரை சொல்லவில்லை, தனக்குத் தெரியும் என்பதே தெரியாததால். தக்ஷாயினி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அன்று மத்தியானம்வரை வாதாடினார்.

தீர்ப்பு இரண்டு மாதத்தில் வந்தது. ஆபத்து முடிந்திருக்கவில்லை, ஆனால் தற்காப்புக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகச் செய்தார் என்றார் நீதவான். இரண்டு வருச மறியல். அதை ஐந்து வருசத்துக்கு ஒத்திவைத்தார்; அதற்குள் வேறு குற்றம் செய்தால்தான் உள்ளே போகவேண்டும். வெளியில் வந்ததும் தக்ஷாயினி அவனோடு கோபித்தார். நான் சொன்னபடி நின்றிருந்தால் ஒருவேளை முழுக்க விடுதலை வாங்கியிருப்பேன் என்றார். கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, “நான் மூண்டு வருசம் படிச்சதை நீங்க மூண்டு வசனத்தில கவிழ்த்துப்போட்டீங்க, நானா” என்றார். அவர் முகத்தில் கோபம் இருக்கவில்லை.

ஹில்மிக்கும் அவனுடைய வழக்கில் தண்டனை கிடைத்தது: தாடைக்கும் தோளுக்கும் சேர்த்துப் பதினெட்டு மாதம். றஸீனா காதி நீதிமன்றத்தில் விவாகரத்துக் கேட்டுப் பெற்றாள். இப்போது கிட்டங்கி ஒன்றில் உடுப்புப் பொதி செய்கிறாள். வலது பக்கத்தால் இன்னும் சாப்பாட்டை மெல்ல முடியாது.

நிஸ்தார் கடையை மீராசாஹிப்புக்கு விட்டான். கத்தியை மறுபடி பழக்கலாம் என்று மீராசாஹிப் எவ்வளவோ சொன்னார். அவன் கேட்கவில்லை. வாவிக்கரை மீன்வாடியில் ஐஸ் இறக்குகிற வேலைக்குச் சேர்ந்தான். இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்க வேண்டிய பாரம்.

போன மாசி மாதம் ஹில்மி அங்கே வந்தான். மறியலிலிருந்து வெளியில் வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. வாடியில் பத்துப்பேர் நின்றார்கள். நிஸ்தார் ஒரு முழு ஐஸ் கட்டியை நெஞ்சோடு அணைத்தபடி லொறிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்தான். ஹில்மி இடது கையால் அவன் வாயில் குத்தினான். உதடு பிளந்தது. இரண்டாவது குத்து கண்ணுக்குக் கீழே. மூன்றாவது, வெட்டுப்பட்ட காதில். இடது கைக்கு இன்னும் அடிக்கச் சரியாகத் தெரியவில்லை. பாதி வழுக்கிப் போனது. ஆனாலும் இரத்தம் வந்தது.

நிஸ்தாரின் வலது கை எழும்பப் பார்த்தது. தோளிலிருந்து விரல்வரை அது தயாரானதை அவன் உணர்ந்தான். வேண்டாம் என்று சொன்னால் அது கேட்காது என்பதை மறியல் வரிசையிலேயே படித்திருந்தான். அதற்கு வேறு வேலை கொடுக்கத்தான் வேண்டும். ஐஸை இறுக்கினான். விரல்களை அதன் அடியில் கோத்து, உள்ளங்கை எரிய எரிய இறுக்கினான். நான்காவது குத்தும் விழுந்தது. அவன் ஐஸை விடவில்லை. குளிர் மணிக்கட்டுக்கு ஏறி, முழங்கைக்கு ஏறி, விரல்கள் அவனுடையவையா ஐஸினுடையவையா என்று தெரியாமல் போயின.

மற்றவர்கள் ஓடிவந்து ஹில்மியை இழுத்துக்கொண்டு போனார்கள். பொலிசுக்கு அறிவிக்கட்டுமா என்று வாடிக்காரர் கேட்டார். அறிவிக்கச் சொல்லித் தலையசைத்தான் நிஸ்தார். பிறகு ஐஸைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் இறக்கினான். விரல்கள் விறைத்து மடங்கியே கிடந்தன. ஒரு மீன்காரர் அவன் கைகளைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்து, ஒவ்வொரு விரலாக நிமிர்த்திவிட்டார்.